பயணத்துக்கு மருந்துப் பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் சொந்தத்தில் யார் காசிக்குப் போனாலும், சபரிமலைக்கு மாலை போட்டாலும், மகளைப் பார்க்க துபாய் கிளம்பினாலும் முதல் நாள் ராத்திரி எனக்குப் போன் வந்துவிடும். "என்ன மருந்து எடுத்துட்டுப் போகணும்?" அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

மருந்துப் பை கட்டும்போது எதிலிருந்து ஆரம்பிப்பது?

தினமும் சாப்பிடும் மாத்திரைகளிலிருந்து. பிரஷர், சர்க்கரை, தைராய்டு, இருதயம், ஆஸ்துமா, வலிப்பு என்று எதற்காக இருந்தாலும் அதுதான் முதலில் பைக்குள் போக வேண்டும். பிளாஸ்திரி, தைலம், பஞ்சு எல்லாம் அதற்கு அப்புறம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் போய் முதலுதவிப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அப்பாவின் பிரஷர் மாத்திரை அட்டையில் நாலுதான் மிச்சம் இருக்கிறது என்பதை ரயிலில் ஏறிய பிறகு பார்க்கிறார்கள்.

போகும் நாட்களை எண்ணி, அதற்கு மேல் ஐந்து நாளுக்கு மாத்திரை வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனியால் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், சில சமயம் ரத்தே ஆகும். போன ஊரில் யாருக்காவது முடியாமல் போய் இரண்டு நாள் தங்க வேண்டியும் வரலாம்.

"ஒரு நாள் விட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்களுக்கு: வலிப்பு மாத்திரையை விட்டால் வலிப்பு வரலாம். மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற இருதய மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடப்பும், இருதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியும் வரலாம்.

அந்தப் பையை எங்கே வைப்பது?

கையில். உங்கள் கண் பார்வையில்.

ஒரு தடவை பத்துப் பதினைந்து பேர் வேன் பிடித்து நவக்கிரகக் கோயில்களுக்குப் போனோம். என் பெரியம்மா மருந்தை எல்லாம் சூட்கேஸில் வைத்துவிட்டார். சூட்கேஸ் வேன் மேலே கேரியரில், தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிய மூட்டைகளுக்கு அடியில். காலை மாத்திரை போடவில்லை. மதியமும் யாரையும் சிரமப்படுத்த வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டார். சாயங்காலம் திருநள்ளாறு குளத்துப் படியில் தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வயதானவர்கள் இப்படித்தான், கேட்க மாட்டார்கள். நாம்தான் எடுத்துக் கொடுக்கும்படி பையை வைத்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட பயணம் என்றால் மருந்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும் பங்கு ஒருவர் கைப்பையில், மூன்று நாளுக்கானது இன்னொருவரிடம். ஒரு பை தொலைந்தாலும் சமாளிக்கலாம். விமானத்தில் கார்கோவில் போடும் பெட்டிக்குள் தினசரி மருந்தை வைக்கவே கூடாது.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளலாமா?

இரண்டு மூன்று நாளுக்கு என்றால் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பா நல்லதுதான். அதற்கு மேல் வேண்டாம். பிரித்துவிட்டால் எல்லாம் வெள்ளை வட்ட மாத்திரை. அம்மாவின் தைராய்டு மாத்திரை எது, அப்பாவின் சர்க்கரை மாத்திரை எது என்று ஓடுகிற ரயிலின் மங்கல் வெளிச்சத்தில் யாராலும் சொல்ல முடியாது. காற்றுப் பட்டாலும், ஈரம் பட்டாலும் சில மாத்திரைகள் கெட்டுப்போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி பெரும்பாலும் ஒரே ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். கடையில் "பத்து வேண்டாம், நாலு போதும்" என்று கேட்டால் கத்தரித்துக் கொடுப்பார்கள். தேதி உள்ள துண்டு கடைக்காரரிடமே நின்றுவிடும், நம் கையில் வருவதில் பேரே பாதிதான் இருக்கும். அதனால் பயணத்துக்கு வாங்கும்போது முழு அட்டையாக வாங்குங்கள். சாப்பிடும்போது தேதி இல்லாத பக்கத்திலிருந்து பிரித்துக்கொண்டு வாருங்கள், கடைசி மாத்திரை வரைக்கும் தேதி இருக்கும்.

மருந்துச் சீட்டு கூட எடுத்துப் போக வேண்டுமா?

கட்டாயம். போனில் படம் எடுத்து வைத்திருந்தாலும் ஒரு நகல் காகிதத்தில் இருக்கட்டும். போனுக்குச் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் அது தேவைப்படும்.

அதோடு ஒரு முழுத்தாளில் நீங்களே எழுதுங்கள்: பெயர், வயது, என்னென்ன நோய், எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் போன் செய்ய வேண்டும். மருந்தின் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப் பெயரையும் பார்த்து எழுதுங்கள். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் கம்பெனிப் பெயர் வாரணாசியில் கிடைக்காமல் போகலாம், ஆனால் ஆம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500 என்று காட்டினால் இந்தியாவில் எந்த மருந்துக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். மூலப் பெயர் தெரிந்தால் மக்கள் மருந்தகத்திலும் குறைந்த விலையில் வாங்கலாம். இந்தத் தாளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதைப் படிக்க வேண்டியவர்கள் வெளியூர் மருத்துவர்களும் கடைக்காரர்களும்தானே.

அந்தத் தாளை மடித்து மருந்துப் பையின் முன் ஜிப்புக்குள் வையுங்கள். கூட வருகிறவர்கள் எல்லோருக்கும் அது அங்கே இருப்பது தெரியட்டும்.

சரி, பொதுவாக வேறு என்ன வைக்கலாம்?

ஒரு குடும்பத்துக்கு, ஒரு வாரப் பயணத்துக்கு நான் வைப்பது இவ்வளவுதான். பாராசிட்டமால் 500 ஒரு அட்டை. ஓ.ஆர்.எஸ். ஐந்தாறு பொட்டலம். அலர்ஜிக்குச் செட்ரிசின் ஒரு அட்டை, அது தூக்கம் வரவழைக்கும், வண்டி ஓட்டுகிறவர் போடக் கூடாது. வாந்தி வருகிறவர்கள் இருந்தால் அதற்கு மாத்திரை. காயத்துக்குப் போவிடோன் அயோடின் களிம்பு ஒரு சின்ன டியூப், பிளாஸ்திரி பத்து, சுத்தமான காஸ் துணி, ஒட்டும் டேப், சுளுக்குக்குக் கிரேப் பேண்டேஜ் ஒன்று. டிஜிட்டல் தெர்மாமீட்டர், முள் எடுக்க ஒரு இடுக்கி, சின்னக் கத்தரிக்கோல். விமானத்தில் போனால் கத்தரிக்கோல் பெரிய பெட்டிக்குள் போகட்டும். பழைய பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கொசுக் களிம்பும் ஒரு சோப்பும் வேண்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணாடி. மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டால் மாத்திரை அட்டையைக்கூடப் படிக்க முடியாது.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், மருந்துப் பையில் வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். எதற்கு அவ்வளவு பொட்டலம்? அதை எப்படிக் கலப்பது?

பயணத்தில் அதிகம் பேரைப் படுக்க வைப்பது வயிற்றுப்போக்குதான். அதில் ஆபத்து வருவது உடம்பின் நீரும் உப்பும் வற்றிப்போவதால். குழந்தைகளும் வயதானவர்களும் ஒரே நாளில் துவண்டுவிடுவார்கள். அதை ஈடுகட்டுவது ஓ.ஆர்.எஸ். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். குடலில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே போகும்போதுதான் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்த விகிதம் மாறினால் மருந்து வேலை செய்யாது.

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைப் பிரித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் குடிக்கிறார்கள். அது கடுமையான உப்புக் கரைசல். பேதியைக் கூட்டும், குழந்தைக்கு உடம்பில் உப்பு ஏறிவிடும். பொட்டலத்தில் 200 மி.லி.க்கா, ஒரு லிட்டருக்கா என்று படித்துப் பாருங்கள். ரயிலில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே அளவுக்குப் போதும். மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பெரிய பொட்டலத்தின் முனையை நறுக்கி, காகிதத்தைப் புனல் மாதிரி சுருட்டி முழுப் பொடியையும் கொட்டுங்கள். மூடிக் குலுக்குங்கள். குடித்துப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பாதிப் பொட்டலத்தை மடித்து வைப்பதும் வேண்டாம், பொடி ஈரமாகிவிடும், அளவும் தெரியாது.

கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு அட்டைப் பெட்டியில் பழச் சுவையில் விற்ற பானங்களில் சர்க்கரை மிக அதிகம், அவை பேதிக்கு மருந்தே கிடையாது. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று தடை செய்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சடித்த பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள்.

பொட்டலமே இல்லையா? ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூடவே கஞ்சி, மோர், இளநீர் கொடுக்கலாம். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி கொடுங்கள்.

பேதியை உடனே நிறுத்த மாத்திரை வைத்துக்கொள்ளலாமா?

லோபெரமைட் மாத்திரை பெரியவர்களுக்கு, பஸ்ஸில் கழிவறை இல்லாமல் தவிக்கும் நேரத்துக்கு உதவும். குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் இருந்தாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ பெரியவர்களும் போடக் கூடாது, கிருமி உள்ளேயே தங்கிவிடும். போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போவதும் வேண்டாம். ரத்தம், கடும் காய்ச்சல், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை கண் சொருகிச் சோர்ந்து கிடப்பது, இதில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனை.

காய்ச்சலுக்கு எதை வைப்பது?

பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 மி.கி. மாத்திரை, ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு, குறைந்தது நாலு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை, அதாவது 4 கிராம், அதுவே எல்லை. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், மெலிந்த முதியவர்களும், தினம் குடிப்பவர்களும் அதற்கு வெகுவாகக் கீழே நிற்க வேண்டும். சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

உடம்பு வலிக்கிறது என்று டைக்லோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போட்டுவிடாதீர்கள். அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அவை ரத்தக் கசிவைக் கூட்டும்.

குழந்தைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180 மி.கி. இப்போது பாட்டிலைப் பாருங்கள். ஒரு சிரப்பில் 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும், இன்னொன்றில் அதே 5 மி.லி.யில் 250 மி.கி. சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. முதல் சிரப்பில் 6 மி.லி. கொடுப்பது சரியான அளவு. அதே 6 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தால் 600 மி.கி., மூன்று மடங்குக்கும் மேல். நான் வேலையில் இருந்த காலத்தில் இந்தக் குழப்பத்தோடு வந்த தாய்மார்கள் நிறைய. கிளம்பும் முன்பே குழந்தையின் எடையைப் பார்த்து, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, இத்தனை மி.லி. என்று பாட்டில் மேலேயே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். பாட்டிலோடு வரும் அளவு மூடியை மறக்காமல் கூடவே வையுங்கள்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்தைக் கொடுக்க இந்தியாவில் 2011-இலேயே தடை. எந்தக் கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குழந்தைக்கு இருமல் மருந்து ஒன்று வைத்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அப்போது மத்திய அரசு சொன்ன அறிவுரை: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயது வரைக்கும் பொதுவாகத் தேவையில்லை. குழந்தைகளின் சாதாரண இருமல் தானே போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள், ஒரு வயதுக்கு மேல் என்றால் கொஞ்சம் தேன். மூச்சு வாங்கினாலோ விலா உள்ளிழுத்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

மலைப்பாதையில் வாந்தி வருகிறது. என்ன செய்யலாம்?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் சாலையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை வேண்டும் என்றால் அவோமின் போன்றதை வண்டி கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவே வெளியே வந்துவிடும். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, ஓட்டுநர் போடக் கூடாது. புரோஸ்டேட் கோளாறு, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சர்க்கரை நோயாளி கூட வருகிறார். தனியாக என்ன வேண்டும்?

முதலில் சர்க்கரையே வேண்டும். கோயில் வரிசையில் நாலு மணி நேரம் நிற்பார்கள், தரிசனம் முடிந்துதான் சாப்பாடு என்பார்கள், ஆனால் காலையில் கிளிமெபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டிருப்பார்கள். சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், கால் மணி நேரம் பாருங்கள், தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-க்கு அடியுங்கள்.

இன்சுலினுக்கு வருவோம். பிரிக்காத குப்பி ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரித்து உபயோகிப்பதை 30 டிகிரிக்குள் நாலு வாரம் போல வெளியே வைக்கலாம், உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று அதன் உள் தாளில் இருக்கும். ஐஸ் கட்டிமேல் நேராக வைத்தால் உறைந்து வீணாகிவிடும், உருகிய பிறகும் அது உதவாது. துணியில் சுற்றித் தெர்மாஸில் வையுங்கள். விமானத்தில் கைப்பைதான், மருந்துச் சீட்டோடு.

அடுத்தது ஊசி. இது உயிர் விஷயம். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. பேனாவில் வருவது 1 மி.லி.க்கு 100 யூனிட். வெளிநாட்டில் பெரும்பாலும் 100 யூனிட்தான், அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அங்கே வாங்கிய 100 யூனிட் இன்சுலினை இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். அதனால் இன்சுலின் எத்தனை நாளுக்கோ சிரிஞ்சும் அத்தனை நாளுக்கு இங்கிருந்தே வாங்கிப் போங்கள். இன்சுலின் தீர்ந்து அங்கே வாங்க நேர்ந்தால் சிரிஞ்சையும் அங்கேயே சேர்த்து வாங்குங்கள்.

அப்புறம் கால். மத்தியான வெயிலில் கோயிலின் திறந்தவெளிக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்தால் நமக்குச் சுடும், துள்ளி ஓடுவோம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குச் சுடுவதே தெரியாது. ராத்திரி பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம். அந்தக் கொப்புளம் புண்ணாகி விரலை எடுக்கும் வரைக்கும் போனதை நான் பார்த்திருக்கிறேன். கெட்டியான பருத்திச் சாக்ஸ் இரண்டு ஜோடி பையில் வையுங்கள். காலையிலோ மாலையிலோ தரிசனத்துக்குப் போங்கள். தினம் ராத்திரி உள்ளங்காலை இன்னொருவர் பார்க்கட்டும்.

நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை எல்லோரும் வைத்துக்கொள்ளலாமா?

மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும். உட்கார்ந்துதான் வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸ். பக்கத்து சீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்று உங்கள் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சூடு பட்டாலோ வெட்டுக் காயம் பட்டாலோ?

சூடு பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் இருபது நிமிடம் பிடியுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், இட்லி மாவு, மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

வெட்டுக் காயத்தை ஓடும் தண்ணீரில் கழுவி, காஸ் வைத்து அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலான ரத்தம் நின்றுவிடும். நின்றதா என்று நடுநடுவே எடுத்துப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு.

குரங்கோ நாயோ கடித்துவிட்டால்?

கோயில் ஊர்களில் குரங்கு பையைப் பிடுங்க வந்து கையைக் கீறிவிடும். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை, ஆனால் வராமல் முழுக்கத் தடுக்கலாம். பையில் சோப்பு வைக்கச் சொன்னது இதற்கும்தான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மணி பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். பிறகு போவிடோன் அயோடின். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்கக் கூடாது.

அன்றைக்கே தடுப்பூசி. அரசு மருத்துவமனையில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். காயம் ரத்தம் வருகிற அளவுக்கு இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் தேவை, கேட்டு வாங்குங்கள். முதல் ஊசியைப் போன ஊரில் போட்டுக்கொண்டு மிச்சத்தை வீட்டுக்கு வந்து போடலாம். தேதி எழுதிய அட்டையை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

பாம்புக் கடிக்குப் பையில் ஏதாவது வைக்கலாமா?

வைக்க எதுவும் இல்லை. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இருட்டில் நடக்க ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பாம்புக்கான முதலுதவிச் சாமான்.

ஓடும் ரயிலில் உடம்பு முடியாமல் போனால்?

139-க்குப் போன் செய்து ரயில் எண், பெட்டி எண், படுக்கை எண் சொல்லுங்கள். டி.டி.ஆரிடமும் சொல்லுங்கள். ரயிலில் முதலுதவிப் பெட்டி இருக்கும், அடுத்த பெரிய ஸ்டேஷனில் மருத்துவர் வந்து பார்ப்பார். அவர் ஏறி இறங்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் அவர் கையில் கொடுக்கத்தான் முன் ஜிப்பில் அந்தத் தாள். சாலையில் என்றால் 108, அல்லது நாடு முழுக்க 112.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாத மருந்து உண்டா?

உண்டு. நம் ஊர்க் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது அங்கே சிறைக்கு அனுப்பும் பொருளாக இருக்கலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் கலந்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை, பதற்றத்துக்குப் போடும் மாத்திரை, இவை ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கட்டுப்பாட்டில் உள்ளவை. அவசியம் என்றால் கிளம்பும் முன்பே அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் அனுமதி வாங்க வேண்டும். மற்ற மருந்துகளும் கடை அட்டையிலேயே, சீட்டோடு, போய் வரும் நாட்களுக்கு மட்டும் இருக்கட்டும். பக்கத்து வீட்டார் "என் பையனுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துடுங்க" என்று தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். உங்கள் பெயரில் சீட்டு இல்லாத மருந்து அது.

மருந்து இல்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: மகளுக்குக் குருமா வைக்கக் கசகசா கட்டிக் கொடுக்காதீர்கள். அது அபினிச் செடியின் விதை. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடை. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அதைச் சேர்த்திருந்தால் அந்தப் பொடியும் போகக் கூடாது.

சுக்கு, ஓமம், நிலவேம்புப் பொடி எல்லாம்?

சுக்கும் ஓமமும் தாராளமாக. நிலவேம்புக் கசாயம் குடித்தாலும் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டுக்குப் பேர் எழுதாத பொடிப் பொட்டலம் வேண்டாம்.

காரிலேயே மருந்துப் பையை விடலாமா?

கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மாத்திரைகளும் களிம்பும் கெட்டுவிடும், கேப்ஸ்யூல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது பையும் உங்களோடு இறங்கட்டும்.

ஊர் திரும்பிய பிறகு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் எங்கே போயிருந்தீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பக்கம் போய்விட்டு வந்தவருக்கு மலேரியாப் பரிசோதனை வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் இங்கே இருப்பவர்களுக்கு அது தோன்றாமல் போகலாம்.

பையை அப்படியே அலமாரியில் போடாதீர்கள். ஒரு தடவை முழுக்கக் கொட்டிப் பாருங்கள். கல்லாக இறுகிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தேதி இல்லாத மாத்திரைத் துண்டு, திறந்து ஒரு மாதத்துக்கு மேலான கண் சொட்டு மருந்து, எல்லாவற்றையும் எடுத்து வெளியே போடுங்கள். தீர்ந்ததை ஒரு சீட்டில் எழுதிப் பைக்குள்ளேயே வைத்துவிட்டால், அடுத்த பயணத்துக்கு முதல் நாள் ராத்திரி யாருக்கும் போன் செய்ய வேண்டியிருக்காது.